மூட்டு நோவா? முதலில் அதன் பெயரைக் கண்டுபிடியுங்கள்: கொழும்பு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டில் மூன்று பேருக்கு மூட்டு நோ. அம்மாவுக்கு முழங்கால். மாமாவுக்குக் கால் பெருவிரல். எனக்கு இரண்டு கை விரல்களும் மணிக்கட்டும். பல மாதமாக மூவரும் ஒரே சித்தாலேப டப்பாவைத்தான் மாறி மாறித் தேய்த்தோம். அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த டைக்லோபினாக் என்ற நோக்குளிசையை நானும் மாமாவும் பங்குபோட்டோம். பிறகுதான் தெரிந்தது, மூன்றும் மூன்று வருத்தம் என்று. அம்மாவுக்கு மூட்டுத் தேய்வு, மாமாவுக்கு யூரிக் அசிட் மூட்டில் படிந்து வரும் கவுட், எனக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் (ஆர்.ஏ.). அந்த நாலைந்து மாதத்தில் என் வலது கை நடுவிரல் கொஞ்சம் கோணிவிட்டது. அது இனி நிமிராது.

நான் வைத்தியர் இல்லை. ஆறு வருடமாகக் கிளினிக் வாங்கில் இருந்து பழகியவள், அவ்வளவுதான். அங்கே கேட்டது, டொக்டர்மார் சொன்னது, பட்டுத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: காத்திருக்கக் கூடாதவை

ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கி, சிவந்து, தொட்டால் சுடுகிறது, கூடவே காய்ச்சலும் இருக்கிறது என்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். சில நாளிலேயே மூட்டு பழுதாகிவிடும், இரத்தத்தில் கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து. சலரோகம் உள்ளவர்கள், மூட்டுக்குள் ஊசி போட்டவர்கள், செயற்கை மூட்டு வைத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கவுட்டும் இதே மாதிரித்தான் தோன்றும். எது எது என்று வீட்டிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் பார்த்துத்தான் உறுதிப்படுத்துவார்கள்.

விழுந்த பிறகு காலில் பாரம் வைக்க முடியாமல் போனாலும் அப்படித்தான். இடுப்பு வலியுடன் சலம், மலம் கட்டுப்பாடு இழந்தாலும் அப்படித்தான். ஓட்டோ பிடிக்க முடியாத நிலை என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இன்னொன்று, இது கொழும்புக்கென்றே எழுதுவது. காய்ச்சலும் மூட்டு நோவும் ஒன்றாக வந்தால் முதலில் நுளம்பை நினையுங்கள். டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை டைக்லோபினாக், ஐபுபுரோஃபென், அஸ்பிரின் எதுவும் தொடக்கூடாது. இரத்தக்கசிவு வரலாம். பரசிட்டமோல் மட்டும். சிக்குன்குன்யாவும் மூட்டைத்தான் பிடிக்கும். 2006இல் நாட்டை ஆட்டியது, 2024 கடைசியிலிருந்து 2025 வரை திரும்பவும் வந்தது. காய்ச்சல் ஒரு கிழமையில் போகும். மூட்டு நோ சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். பலருக்கு மெல்ல மெல்லக் குறையும். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் நின்றால் வாதநோய் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

படி 2: காலையில் எழும்பும்போது மணியைப் பாருங்கள்

இதற்குக் காசும் இல்லை, பரிசோதனையும் இல்லை. ஒரு கொப்பியில் ஒரு கிழமைக்கு எழுதுங்கள்: எழும்பியபின் மூட்டு விறைப்பு எத்தனை நிமிடம் நின்றது?

அம்மா எழும்பி குசினிக்குள் நாலு தரம் நடந்தால் விறைப்புப் போய்விடும். பத்து, பதினைந்து நிமிடம்தான். ஆனால் பின்னேரம் கோயிலுக்குப் போய் வந்தால் முழங்கால் உளையும். ஓய்ந்தால் நன்று, உழைத்தால் நோ. இது தேய்வின் குணம். முழங்கால், இடுப்பு, கை விரல் நுனி மூட்டு, கைப் பெருவிரல் அடி ஆகிய இடங்களைப் பிடிக்கும்.

எனக்கு நேர்மாறு. காலை ஆறு மணிக்கு எழும்பினால் ஏழரை வரை தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாது. பல் துலக்க பேஸ்ட் மூடி திறக்காது. வேலை செய்யச் செய்ய இளகும். ஓய்ந்து இருந்தால் திரும்ப இறுகும். வலது கை என்ன செய்கிறதோ அதையே இடது கையும் செய்யும், இரண்டு பக்கமும் சமன். விரல் அடி மூட்டுகள் பஞ்சுபோல வீங்கும். உடம்பு முழுக்கக் களைப்பு. இது முடக்குவாதம். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வரும், முப்பது வயதிலும் வரும். "வயசு வருத்தம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு.

மாமாவின் கதை ராத்திரியில் தொடங்கும். படுக்கும்போது சுகம், விடியப்புறம் மூன்று மணிக்குக் கால் பெருவிரல் நெருப்பு. போர்வை பட்டாலே கத்துவார். ஒன்றிரண்டு கிழமையில் ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிடும். அடங்கியதும் டொக்டரை மறந்துவிடுவார். கவுட் என்பது அதுதான், அந்த மறதியும் சேர்த்து.

விறைப்பு அரை மணிக்கு மேல் நின்று, வீக்கமும் சேர்ந்து ஆறு கிழமை நீடித்தால், தேய்வு என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். முடக்குவாதத்துக்கு முதல் சில மாதங்களில் மருந்து தொடங்குவதுதான் மூட்டைக் காப்பாற்றும். நான் அந்தக் காலத்தைத்தான் சித்தாலேபவில் கழித்தேன்.

படி 3: எந்த வாசலுக்குப் போவது

இலங்கையில் இந்த வருத்தத்துக்கான நிபுணரின் பெயர் "வாதநோய் மற்றும் புனர்வாழ்வு வைத்திய நிபுணர்". இரண்டும் ஒரே துறை. எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் வேறு. கை விரல் வீக்கத்துக்கு நேரே எலும்பு டொக்டரைத் தனியாரில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, எக்ஸ்ரேயும் எடுத்து, "எலும்பில் ஒன்றும் இல்லை" என்று கேட்டு வீடு வந்தவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருத்தி.

முழங்கால் தேய்வு மாதிரி இருந்தால் குடும்ப வைத்தியர் அல்லது பக்கத்து ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவு போதும். அங்கிருந்து பிசியோதெரபிக்குக் கடிதம் கேளுங்கள், கேட்காமல் சிலர் தரமாட்டார்கள். வீக்கம், காலை விறைப்பு என்றால் கடிதத்துடன் வாதநோய் கிளினிக்குக்குப் போக வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவில ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. ராகமையில் வாதநோய்க்கும் புனர்வாழ்வுக்குமென்றே தனி ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசு இல்லை. வரிசை நீளம், அது உண்மை. முதல் தடவை தனியாரில் சனல் பண்ணி, வருத்தத்தின் பெயரை உறுதிப்படுத்திக்கொண்டு, பிறகு அரசாங்க கிளினிக்கில் சேர்ந்தவர்கள் எங்கள் வாங்கில் நிறையப் பேர். வாழ்க்கை முழுக்க எடுக்கும் மருந்துக்கு அது புத்தியான வழி.

கொண்டுபோக வேண்டியது: கிளினிக் கொப்பி, அந்த ஒரு கிழமைக் குறிப்பு, பழைய எக்ஸ்ரே, வீட்டில் குடிக்கும் எல்லாக் குளிசையும் ஒரு பையில், கசாயமும் பொடியும் உட்பட. வீங்கியிருக்கும்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக் நாளில் வீக்கம் வற்றிப்போய் நிற்கும், அது ஒரு விதி.

யாழ்ப்பாணத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ வந்து பிள்ளைகளுடன் கொழும்பில் இருக்கும் அம்மம்மாமாருக்கு மொழிதான் கஷ்டம். தனியே போக நேர்ந்தால் நாலு வார்த்தை போதும். முழங்கால் "தணஹிஸ", நோகுது "ரிதெனவா", வீங்கியிருக்கு "இதிமிலா", மடக்கக் கஷ்டம் "நவன்ன அமாருய்", காலையில் "உதேட", மூன்று மாதம் "மாஸ துனக்". எங்கள் அம்மா இதைத் துண்டில் எழுதி பேர்ஸுக்குள் வைத்திருக்கிறார். முதல் நாள் அதை அப்படியே வாசித்தார், மிஸ்ஸி (தாதி) சிரித்துவிட்டு நல்லாய்ப் பார்த்தார்.

படி 4: பரிசோதனைகளில் எதை நம்புவது

சுருக்கமாக. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள் இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று சொல்லும், எங்கே, ஏன் என்று சொல்லாது. முடக்குவாதத்துக்கு எடுக்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் பரிசோதனை சுகமாக இருப்பவர்களுக்கும் சில வேளை பொசிட்டிவ் வரும், முடக்குவாதக்காரர்களுக்கு நெகட்டிவ்வும் வரும். அதற்கே எடுக்கும் அன்டி சி.சி.பி. பரிசோதனை அதைவிட உறுதியானது. யூரிக் அசிட் கூடியிருப்பதால் மட்டும் கவுட் ஆகாது. கவுட் பிடித்திருக்கும் நாளில் அந்த அளவு சாதாரணமாகவும் காட்டலாம், ஆகவே அடங்கி இரண்டு கிழமை கழித்து எடுங்கள்.

எக்ஸ்ரேயைப் பற்றி ஒரு வார்த்தை. "எலும்பும் எலும்பும் முட்டுது" என்று படத்தைக் காட்டி அம்மாவைப் பயமுறுத்தினார்கள். அதன் பிறகு இரண்டு மாதம் அவர் நடப்பதையே விட்டார். படத்தில் மோசமாகத் தேய்ந்தவர் சுகமாக நடப்பார், படம் நல்லாய் இருப்பவர் நோவில் துடிப்பார். நோவுக்குத்தான் வைத்தியம், படத்துக்கு இல்லை.

படி 5: குளிசைகள், யாருக்கு எது

பரசிட்டமோல், நாங்கள் பனடோல் என்று சொல்வது, 500 மில்லிகிராம் குளிசை. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளுக்கு 4 கிராமுக்கு மேல், அதாவது எட்டுக் குளிசைக்கு மேல், கூடாது. மெலிந்த முதியவர்கள், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், குடிப்பவர்கள் இன்னும் குறைக்க வேண்டும். தடிமனுக்கு வாங்கும் குளிசையிலும் அதே மருந்துதான் இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். மூட்டுத் தேய்வுக்கு இது பெரிய உதவி செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முழங்காலுக்கும் கை விரலுக்கும் குளிசைக்கு முன் பூசும் ஜெல்லைப் பாருங்கள். டைக்லோபினாக் ஜெல், இரத்தத்தில் மிகக் கொஞ்சமே ஏறும். ஒரு தரம் தடவிவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று அம்மா மூடிவைத்தார். அது ஒரு கிழமையாவது நாளுக்கு மூன்று நாலு தரம் தடவ வேண்டிய மருந்து.

டைக்லோபினாக், ஐபுபுரோஃபென், நப்ரொக்சன், மெஃபெனமிக் அசிட் எல்லாம் ஒரே குடும்பம். நோவை நல்லாய்க் குறைக்கும், வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிரஷரைக் கூட்டும், இருதயத்துக்கும் ஆகாது. கொழும்பில் இதில் பெரிய அபாயம் எங்கே என்று கேட்டால், நான் பிரஷர்க் குளிசையைத்தான் சொல்வேன். லொசார்டன் அல்லது எனலாபிரில், கூடவே நீர் போகும் குளிசை, அதற்கு மேல் டைக்லோபினாக் என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாளிலேயே படுத்துவிடலாம். வெயிலில் நடந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இன்னும் கெதியில். ஐம்பது தாண்டிய எங்கள் ஆட்களில் பிரஷரோ சலரோகமோ இல்லாதவர் எத்தனை பேர்? ஆனாலும் பார்மசியில் "கால் நோவுக்கு ரெண்டு குளிசை தாங்கோ" என்றால் தந்துவிடுவார்கள்.

ஆகவே: டொக்டர் சொன்னால் மட்டும், குறைந்த அளவு, குறைந்த நாள், சாப்பாட்டுக்குப் பின். வயிற்றைக் காக்க ஒமெபிரசோல் வேண்டுமா என்று கேளுங்கள். இரண்டு பெயரில் ஒரே மருந்தை எடுக்காதீர்கள், அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரை வாசியுங்கள். மலம் தார்போலக் கறுத்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு.

முடக்குவாதத்துக்கு வருகிறேன். நோக்குளிசை நோவை மறைக்கும், வருத்தத்தை நிறுத்தாது. நிறுத்துவதற்கு வேறு மருந்து இருக்கிறது, அதில் முதலாவது மெதோட்ரெக்ஸேட்.

மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள். நாளாந்தம் அல்ல. இதை இப்படி அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தவறுதலாக ஒவ்வொரு நாளும் குடித்தால் எலும்பு மச்சை செயலிழந்து உயிரே போகும். உலகம் முழுக்க நடந்திருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்திருக்கிறேன். கலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம். கொப்பியிலும் அட்டையிலும் கிழமையின் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூடவே தரும் ஃபோலிக் அசிட் வேறு நாளில். இரண்டும் மஞ்சள் நிறம்தான், ஒரே டப்பாவுக்குள் போடாதீர்கள்.

வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு கிழமை எடுக்கும். முதல் மாதம் ஒன்றும் தெரியாமல் நானும் நிறுத்தப் பார்த்தேன். இரத்த எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம் ஆகிய மூன்றையும் சொன்ன தவணையில் பார்க்க வேண்டும். சாராயம் கூடாது. கர்ப்பமாக இருக்கும்போது கூடாது. பிள்ளைக்குத் திட்டமிடுபவர்கள் சில மாதம் முன்பே டொக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். கோ-ட்ரிமொக்சசோல் என்ற அன்டிபயோட்டிக் இதனுடன் சேரவே கூடாது. சலக்கடுப்புக்கு யாராவது எழுதும்போது "நான் மெதோட்ரெக்ஸேட் எடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமலுடன் மூச்சிரைப்பு வந்தால் அந்தக் கிழமைக் குளிசையை எடுக்காமல் கிளினிக்கைக் கேளுங்கள்.

ஹைட்ரொக்சிகுளோரோகுயின் தந்தால் கண் பரிசோதனை வேண்டும், தொடங்கும்போது ஒருமுறை, பிறகு சொன்ன தவணைக்கு. பிரெட்னிசலோன் ஒரு மந்திரவாதி. இரண்டு நாளில் நோ பறக்கும், முகம் வட்டமாகும், சீனி ஏறும், எலும்பு இளைக்கும். மற்ற மருந்து வேலை செய்யும்வரை பாலமாகக் கொடுப்பார்கள். சில கிழமைக்கு மேல் எடுத்தால் திடீரென நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

2022 நெருக்கடியில் மருந்துகள் இல்லாமல் கிளினிக்குகள் வெளியே எழுதிக் கொடுத்தன. அதிலிருந்து ஒரு மாத மருந்து கையிருப்பில் வைத்திருப்பேன். முதலில் அரச பார்மசியான ஒசு சலவில் கேட்பேன்.

படி 6: முழங்கால் நோவுக்கு அசைவுதான் மருந்து

தேய்வு என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் சொன்னது "நடக்காதீங்கோ, இன்னும் தேயும்". இதைவிடப் பிழையான புத்திமதி இல்லை. மூட்டு ஒரு சைக்கிள் டயர் இல்லை. தொடைத் தசை பலமாக இருந்தால் பாரத்தை அது தாங்கும், தசை வற்றினால் பாரம் முழுக்க மூட்டில் விழும். பயிற்சிதான் முதல் வைத்தியம், குளிசை அதற்குத் துணை.

அம்மாவுக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தவை நாலு. காலையில் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துவாயால் பத்து நிமிடம் ஒத்தடம், பிறகு பயிற்சி.

ஒன்று. கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துவாய். முழங்காலால் துவாயைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணி விடுங்கள். பத்துத் தரம்.

இரண்டு. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றக் காலை மடக்காமல் ஒரு அடி உயர்த்தி ஐந்து எண்ணுங்கள். பத்துத் தரம், பிறகு மற்றக் கால்.

மூன்று. குதிகாலைக் கட்டிலில் இழுத்து இழுத்து முழங்காலை மடக்கி நீட்டுதல். விறைப்புக்கு இதுதான்.

நாலு. கதிரையிலிருந்து எழும்பி இருத்தல். என்னைக் கேட்டால் மற்ற மூன்றையும்விட இது முக்கியம், ஏனென்றால் எழும்பத்தானே கஷ்டப்படுகிறோம். முதலில் கதிரையில் ஒரு தலையணை வைத்து உயர்த்தி, கைப்பிடியைப் பிடித்து, ஐந்து தரம். பழகப் பழகத் தலையணையை எடுங்கள், பிறகு கையை எடுங்கள். அம்மா தொடங்கும்போது மூன்றுதான் முடிந்தது. டிவி நாடகத்தின் விளம்பர நேரத்தில் இப்போது பன்னிரண்டு செய்கிறார்.

செய்யும்போது கொஞ்சம் நோவது பிழையில்லை. பத்துக்கு நாலு, ஐந்து என்ற அளவுக்குள் இருந்து, அடுத்த நாள் காலைக்குள் அடங்கினால் சரி. அடங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். ஆறு முதல் எட்டுக் கிழமை செய்த பிறகுதான் பலன் தெரியும். பத்தாம் நாளில் விட்டுவிட்டு "பயிற்சியும் செய்து பார்த்தாச்சு" என்று சொல்பவர்கள்தான் கூட.

நடைக்கு மரைன் டிரைவ் நல்லது. சமதரை, கடல் காற்று, இளைப்பாற இடம். பின்னேரம் நாலரைக்கு முன் போகாதீர்கள், வெயில். பத்து நிமிடத்தில் தொடங்கி கிழமைக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். றப்பர் செருப்பு வேண்டாம், பின்னால் பட்டியுள்ள தட்டையான சப்பாத்து.

எடை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறையும் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். அம்மா ஆறு கிலோ குறைத்தார், ஒரு வருடம் எடுத்தது. செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. இரவில் புட்டோ இடியப்பமோ பாதி, மரக்கறி இரட்டிப்பு, தேநீருக்குச் சீனி இல்லை, பின்னேர மாலு பணிஸ் ஞாயிறு மட்டும்.

கைத்தடிக்கு வெட்கப்படாதீர்கள். நோகும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், பலர் அதே பக்கம் பிடிக்கிறார்கள். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் றப்பர் தேய்ந்தால் மாற்றுங்கள், மழையில் டைல்ஸ் தரை வழுக்கும்.

படி 7: வீடு, குசினி, பஸ்

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். லிஃப்ட் இல்லாத பழைய ஃப்ளாட்டுகளில் நாலாம் மாடியில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி பெரிய காரியம். அம்மா இதை "நல்லது மேலே போகும், கெட்டது கீழே போகும்" என்று மனப்பாடமாக்கிவிட்டார். சந்தை, பார்மசி, கோயில் எல்லாவற்றையும் ஒரே இறக்கத்தில் முடித்துவிடுங்கள்.

குந்தி இருப்பதும் தரையில் சப்பாணி கொட்டுவதும் தேய்ந்த முழங்காலுக்குப் பெரிய பாரம். குந்து மலசலகூடம் என்றால் கொமட்டுக்கு மாற்றுங்கள், வாடகை வீடு என்றால் மேலே வைக்கும் பிளாஸ்டிக் கொமட் கதிரை வாங்கலாம். பக்கச் சுவரில் ஒரு கைப்பிடி. தரையில் இருந்து துருவும் துருவலையைத் தூக்கி வைத்துவிட்டு, மேசையில் பூட்டித் துருவுவதை வாங்கினோம். கோயிலில் பின்னால் கதிரை போட்டிருப்பார்கள், அதில் இருங்கள். சாமிக்கு நேரே தரையில்தான் இருக்க வேண்டும் என்று அம்மா இரண்டு வருடம் அடம்பிடித்தார். கடைசியில் ஐயரே "அம்மா, கதிரையில இருங்கோ, சாமி குறை நினைக்காது" என்று சொன்ன பிறகுதான் கேட்டார்.

கை வருத்தக்காரர்களுக்கு: போத்தல் மூடியை விரலால் திருகாமல் உள்ளங்கையை வைத்து அழுத்தித் திருப்புங்கள். மரக்கறிப் பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டுங்கள், அல்லது சில்லு வைத்த பை. துணியைப் பிழிய வேண்டாம், பைப்பில் சுற்றி ஒரு பக்கம் முறுக்குங்கள். கத்தி, கரண்டிப் பிடிகளுக்குப் பழைய துணியைச் சுற்றித் தடிப்பாக்கினால் பிடிக்க இலகு.

காலி வீதி பஸ்ஸின் முதல் படி உயரம். 100, 101 ஓடும் வேகத்தில் ஏற முடியாவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள். நல்ல காலை முதலில் வைத்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறுங்கள்.

படி 8: கவுட்டும் சாப்பாடும்

பருப்பு, தக்காளி, கீரை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் மாமாவுக்கு நிறுத்தினோம். அவரோ சனிக்கிழமை பியரையும் நெத்தலிப் பொரியலையும் நிறுத்தவில்லை. கடைசியில் கிளினிக்கில் டொக்டர் சிரித்தார். பருப்பும் கீரையும் கவுட்டைக் கூட்டுவதில்லை. கூட்டுவது பியர், சாராயம், சீனி கூடின சோடா, ஈரல் குடல் இறைச்சி, நெத்தலி, சூடை, இறால். கிழங்கு "வாய்வு" என்று மூட்டைப் பிடிக்கும் என்பதும் எங்கள் வீட்டுக் கதைதான்.

ஆனால் பத்தியத்தால் மட்டும் யூரிக் அசிட் பெரிதாக இறங்காது. அடிக்கடி வந்தால் அலோபியூரினோல் வேண்டும். 100 மில்லிகிராமில், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதிலும் குறைவாகத் தொடங்கி, யூரிக் அசிட் டெசிலீற்றருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழ், அதாவது லீற்றருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழ் வரும்வரை மெல்லக் கூட்டுவார்கள். தொடங்கிய முதல் மாதங்களில் கவுட் இன்னும் வரும், அதற்காகக் கொல்சிசின் சிறிய அளவில் கூடத் தருவார்கள். வந்தாலும் அலோபியூரினோலை நிறுத்தக்கூடாது. மாமா மூன்று தரம் நிறுத்தி மூன்று தரம் முதலிலிருந்து தொடங்கினார். ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு: தோலில் தடிப்பு, வாய்ப்புண் வந்தால் அந்த நிமிடமே நிறுத்தி டொக்டரிடம் ஓடுங்கள்.

பிடித்த ராத்திரியில் ஐஸை துவாயில் சுற்றி வைப்பது உதவும். சுடு ஒத்தடம் வேண்டாம்.

படி 9: எண்ணெய், கசாயம், பெயரில்லாப் பொடி

பிண்டத் தைலம் பூசிப் பிடிப்பதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சூடும் கையின் தடவலும் சுகம்தான், முடக்கொத்தான் ரசமும் நல்ல ரசம்தான். வீங்கிச் சிவந்த மூட்டை மட்டும் அழுத்திப் பிடிக்காதீர்கள். ஆயுர்வேதம் பார்ப்பதென்றால் பொரளை ஆயுர்வேத ஆஸ்பத்திரி போன்ற பதிவுள்ள இடத்துக்குப் போய், குடிக்கும் மற்றக் குளிசைகளையும் சொல்லிவிடுங்கள்.

பயப்பட வேண்டியது லேபல் இல்லாமல் கையில் தரும் பொடிக்கும் உருண்டைக்கும்தான். ஸ்டீரோயிட் கலந்த பொடிகளும் ஈயம், பாதரசம் உள்ளவையும் பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கின்றன. அடையாளம் ஒன்று சொல்கிறேன்: இருபது வருட நோ மூன்று நாளில் பறந்து, பசி கூடி, முகம் உப்பினால் அது மூலிகை இல்லை. அதை அப்படியே நிறுத்தாமல் பொடியுடன் டொக்டரிடம் போங்கள்.

குளுக்கோசமின் குளிசைக்கு மாதம் மாதம் கொடுக்கும் காசுக்கு நல்ல சப்பாத்து வாங்கலாம். தேய்வுக்கு அதனால் பெரிய பலன் இருப்பதாக நம்பகமான ஆய்வுகள் காட்டவில்லை.

படி 10: ஊசியும் சத்திரசிகிச்சையும்

முழங்காலுக்குள் போடும் ஸ்டீரோயிட் ஊசி சில கிழமைக்கு நோவைக் குறைக்கும். அந்தச் சில கிழமையைப் பயிற்சி தொடங்கப் பயன்படுத்தினால்தான் ஊசிக்குப் பெறுமதி. சலரோகம் உள்ளவர்களுக்குச் சில நாள் சீனி ஏறும், பாருங்கள். ஒரே மூட்டுக்கு வருடத்துக்கு மூன்று நாலுக்கு மேல் போடமாட்டார்கள்.

பயிற்சி, எடை, குளிசை எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ராத்திரி நித்திரை இல்லை, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியவில்லை என்றால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள். வயதைவிட அந்த நிலைதான் அளவுகோல். செயற்கை முழங்கால் பெரும்பாலானோருக்கு இருபது வருடத்துக்கு மேல் நிற்கும். பெரும்பாலும் அடுத்த நாளே எழுப்பி நடக்க வைப்பார்கள், பிறகு சில மாதம் பயிற்சி கட்டாயம். சீனியும் எடையும் கட்டுப்பாட்டில் இருந்து, தொடைத் தசை பலமாகப் போனவர்கள் கெதியில் எழும்புகிறார்கள். பல்லில் சீழ், காலில் புண் இருந்தால் முதலில் அதை ஆற்ற வேண்டும்.

டொக்டரிடம் கேட்க மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: எனக்குப் பாதி மூட்டு போதுமா, முழுதும் மாற்ற வேண்டுமா? வீட்டில் முதல் ஆறு கிழமைக்கு யார், என்ன உதவி வேண்டும்? தரையில் இருக்க, முழந்தாளிட முடியுமா?

அம்மாவுக்குப் போன மாதம் டொக்டர் "வேணுமெண்டால் பெயரைப் போடலாம்" என்றார். அம்மா கொஞ்சம் யோசித்தார். "பன்னிரண்டு தரம் எழும்பி இருக்கிறன், டொக்டர். இருபது வந்தாப் பிறகு பார்ப்பம்" என்றார். டொக்டர் கொப்பியில் அதையே எழுதி, ஆறு மாதத்துக்குத் தவணை போட்டுக் கொடுத்தார்.